எம்.பி.ஏ. படித்தால் ஸ்டூடியோவுக்குள் போய்விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. ஆறு ஆண்டுகளாக மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டேட்டா அனலிஸ்ட். கடைசி இரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்துக்காக, எந்தப் பொருள் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் வேலை. சம்பளத்தில் குறையில்லை. ஆனால் என் மனசு முழுக்க சினிமாவிலும் தொடர்களிலும்தான். எந்தப் படத்தை எடுக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் உட்கார ஆசை. அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தால் ஸ்டூடியோக்களில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ., நியூயார்க்கில் என்.ஒய்.யூ. என்று இரண்டு பல்கலைக்கழகங்களையும் பார்த்து வைத்திருக்கிறேன். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். போகலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

போகலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கதையைத் தேர்ந்தெடுக்க ஆசையா, அந்தக் கதைக்கு எவ்வளவு பணம் போடலாம் என்று சொல்ல ஆசையா? ஸ்டூடியோவில் இவை இரண்டும் வேறு வேறு மேஜைகள். பிசினஸ் ஸ்கூல் உங்களை இரண்டாவது மேஜைக்குக் கொண்டுபோகும். முதல் மேஜைக்குப் போகும் வழி வேறு.

ஒரு படத்துக்குப் பச்சைக்கொடி காட்டுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். கதை இலாகாவைச் சேர்ந்தவர்கள் திரைக்கதையைக் கொண்டுவருவார்கள். தயாரிப்புப் பிரிவு பட்ஜெட் போடும். தியேட்டரில் எவ்வளவு வரும் என்று விநியோகப் பிரிவும், விளம்பரத்துக்கு எவ்வளவு தேவை என்று மார்க்கெட்டிங்கும், வீட்டுத் திரைக்கும் டிவிக்கும் விற்றால் என்ன கிடைக்கும் என்று உரிமைப் பிரிவும் ஆளுக்கொரு எண் தரும். இத்தனை எண்களையும் ஒரே எக்செல் தாளில் சேர்த்து, நல்ல நிலை, நடுத்தர நிலை, மோசமான நிலை என்று மூன்று கணக்காக நிதிப் பிரிவு வைக்கும். அதைப் பார்த்துத்தான் தலைமை முடிவெடுக்கும். எம்.பி.ஏ. முடித்தவர்களை எடுப்பது பெரும்பாலும் இந்த எண்கள் பிறக்கும் இடங்களுக்கு: நிதித் திட்டமிடல், நிறுவன உத்தி, விநியோகம், உரிமம் விற்றல், மார்க்கெட்டிங், ஸ்ட்ரீமிங் நிறுவனங்களில் உள்ளடக்க ஆய்வு.

கதை இலாகாவில் நுழைகிறவர்கள் உதவியாளராகத்தான் தொடங்குகிறார்கள். போன் அழைப்புகளை இணைப்பது, மேலதிகாரியின் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது, வாரக் கடைசியில் திரைக்கதைகளைப் படித்து இரண்டு பக்கத்தில் கதைச்சுருக்கமும் கருத்தும் எழுதித் தருவது. கலைஞர்களின் ஏஜென்சிகளில் இன்னும் ஒரு படி கீழே, அஞ்சல் அறையில் தொடக்கம். பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும்புள்ளிகளான பேரி டில்லரும் டேவிட் ஜெஃபனும் வில்லியம் மாரிஸ் ஏஜென்சியின் அஞ்சல் அறையிலிருந்து கிளம்பியவர்கள்தான். மணிக்கணக்குச் சம்பளத்தில் சில ஆண்டுகள் ஓடும் இந்த வழியை எம்.பி.ஏ. பட்டம் சுருக்கித் தருவதில்லை. பட்டம் வாங்கிய பிறகும் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறவர்கள் உண்டு. கல்விக் கடன் தலைமேல் இருக்கும்போது அது பெரிய சுமை. தயவுசெய்து அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

யோசித்துப் பார்த்தபின், "எனக்குக் கதைதான்" என்று தோன்றினால் பார்க்க வேண்டிய படிப்புகள் வேறு. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்டார்க் தயாரிப்புப் படிப்பு, யு.சி.எல்.ஏ.யில் தயாரிப்பாளர்களுக்கான முதுகலைப் படிப்பு ஆகியவை அதற்கென்றே இருப்பவை. இரண்டும் வேண்டுமென்றால் என்.ஒய்.யூ.வில் ஸ்டெர்ன் பிசினஸ் ஸ்கூலும் டிஷ் கலைப் பள்ளியும் சேர்ந்து தரும் மூன்றாண்டு இரட்டைப் பட்டம் இருக்கிறது. கார்னகி மெலனின் பொழுதுபோக்குத் துறை மேலாண்மைப் படிப்பில் முதல் ஆண்டு பிட்ஸ்பர்க்கிலும் இரண்டாம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸிலும் நடக்கும்.

கணக்கு மேஜையில் உட்கார்ந்தவர்கள் மேலே வரவில்லையா என்றால், நன்றாகவே வந்திருக்கிறார்கள். ஆலன் ஹார்ன் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து, பிராக்டர் அண்ட் கேம்பிளில் சரக்கு விற்கக் கற்றுக்கொண்டு, பிற்பாடு வார்னர் பிரதர்ஸிலும் டிஸ்னியிலும் படப் பிரிவுக்குத் தலைவரானவர். எச்.பி.ஓ.வையும் பின்னர் டைம் வார்னரையும் நடத்திய ஜெஃப் பியூக்ஸ் ஸ்டான்ஃபோர்டு எம்.பி.ஏ. கெவின் மேயர் எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்து, ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து, டிஸ்னியின் உத்திப் பிரிவில் வளர்ந்து, பெரிய நிறுவனக் கொள்முதல்களை நடத்தியவர். இதே துறையில், டிஸ்னியின் தலைமைக்கு வந்த பாப் ஐகர் 1974-ல் ஏ.பி.சி. டிவியில் கீழ்மட்டத்தில் சேர்ந்து மேலே வந்தார். நெட்ஃபிளிக்ஸின் தலைமைக்கு வந்த டெட் சரண்டோஸ் வீடியோ கடையில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். ஆக, பட்டம் ஒரு வாசல் மட்டுமே. அதன் வழியாகப் போவது என்று முடிவெடுத்தால், உள்ளே எந்த மேஜை என்பதைக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கா போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் அந்த மேஜை எது என்று எனக்குக் கிட்டத்தட்டத் தெரிகிறது. தொழில் மாறும்போது மூன்று விஷயங்கள் மாறலாம்: செய்யும் வேலை, துறை, நாடு. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவரை எந்த மேலதிகாரியும் தயங்கித்தான் பார்ப்பார், ஏனென்றால் அவர் கையில் நிரூபணம் எதுவுமே இருக்காது. நீங்கள் நாட்டையும் துறையையும் மாற்றுகிறீர்கள். அதனால் வேலையை மாற்றாதீர்கள். எந்தப் பொருள் எவ்வளவு விற்கும் என்று கணிப்பதுதான் உங்கள் கைத்தொழில். எந்தப் படம் எவ்வளவு கொண்டுவரும், ஒரு தொடரை வாங்கினால் எத்தனை சந்தாதாரர் நிற்பார்கள் என்று கணிப்பதும் அதே குடும்பத்து வேலைதான். ஸ்ட்ரீமிங் நிறுவனங்களில் உள்ளடக்க மதிப்பீடு, ஸ்டூடியோவில் வசூல் முன்கணிப்பு, தீம் பார்க்கில் வருகைக் கணிப்பு, வீடியோ கேம் நிறுவனங்களில் வருவாய் ஆய்வு என்று எல்லாக் கதவும் உங்களுக்கு இயல்பாகத் திறக்கும். கேமையும் இசையையும் நேரடி நிகழ்ச்சிகளையும் இளக்காரமாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சினிமா ஸ்டூடியோ என்று மட்டும் தேடுகிறவர், துறையின் சின்ன ஒரு மூலையில் பெரிய கூட்டத்தோடு முட்டிக்கொண்டிருப்பார்.

இப்போது, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு பயிற்சி. இதை நீங்களே எக்செல்லில் போட்டுப் பாருங்கள். ஒரு படத்தின் தயாரிப்புச் செலவு 4 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரக் கடைசி வசூல் 3.2 கோடி. மொத்த வசூல் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 8 கோடி. போட்டதைப்போல் இரண்டு மடங்கு வந்துவிட்டது, படம் ஹிட் என்று வெளியில் பேசுவார்கள். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்கு. விநியோகஸ்தர் கைக்கு வருவது 4 கோடி. விநியோகக் கட்டணம் 15 சதவீதம் என்றால் 60 லட்சம் போகும். மீதி 3 கோடியே 40 லட்சம். பிரதிகளுக்கும் விளம்பரத்துக்கும் ஆன செலவு 3 கோடியே 50 லட்சம் என்று வைத்தால், 10 லட்சம் டாலர் பள்ளம். தயாரிப்புச் செலவான 4 கோடியில் இன்னும் ஒரு காசு திரும்பவில்லை. வெளிநாட்டு வசூல், வாடகை, ஸ்ட்ரீமிங் உரிமை, டிவி உரிமை என்று அடுத்தடுத்த கட்டங்களில்தான் அது வர வேண்டும்.

அதே தாளில் இரண்டரை மடங்கை மூன்று என்று மாற்றுங்கள். வசூல் 9.6 கோடி, கைக்கு வருவது 4.8 கோடி, கட்டணம் 72 லட்சம் கழிந்து 4 கோடியே 8 லட்சம், விளம்பரச் செலவும் போய் 58 லட்சம் மிச்சம். வாய்வழிப் பேச்சில் படம் இன்னும் இரண்டு வாரம் நின்றால் பள்ளம் மேடாகிறது. எந்த ஒரு எண்ணை அசைத்தால் மொத்தக் கணக்கும் புரளுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த மேஜையின் வேலை. புதிதாக இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, அது வரிச் சலுகை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் அங்கே எடுக்கும் படத்துக்கு 20 சதவீதமும், படத்தில் மாநில இலச்சினையைப் போட்டால் கூடுதலாக 10 சதவீதமும் தருகிறது. உடனே மொத்த பட்ஜெட்டில் 30 சதவீதத்தைக் கழித்துவிடுகிறார்கள். சலுகை அந்த மாநிலத்துக்குள் செலவிட்ட, தகுதியுள்ள தொகைக்கு மட்டும்தான். வேறு ஊரில் செய்த கிராஃபிக்ஸ் வேலையெல்லாம் அதில் சேராது. பட்ஜெட்டில் 60 சதவீதம்தான் அங்கே செலவாகிறது என்றால் சலுகை 30 இல்லை, மொத்தத்தில் 18 சதவீதம்தான். இந்த ஒரு வரியைச் சரியாகப் போடத் தெரிந்தாலே, நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஏற்கெனவே வெளியான மூன்று படங்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டு வையுங்கள். வசூல் எண்கள் பாக்ஸ் ஆபீஸ் மோஜோ, தி நம்பர்ஸ் போன்ற தளங்களில் கிடைக்கும். பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 10-கே அறிக்கையில், படங்களின் செலவை எப்படிப் பகுதி பகுதியாகக் கழிக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். கடினமான படிப்புத்தான், ஆனாலும் ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். விண்ணப்பக் கட்டுரையில் "சின்ன வயதிலிருந்தே சினிமா என்றால் உயிர்" என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். அனுமதிக் குழு அதைத் தாண்டிப் போய்விடும். நான் இந்தக் கணிப்பு முறையை இந்த மூன்று படங்களுக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த இடத்தில் தவறியது, காரணம் இது என்று எழுதுகிறவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட் இப்போது மூன்று பகுதி, தலா 45 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. விண்ணப்பங்கள் செப்டம்பர்–அக்டோபர், ஜனவரி, வசந்த காலம் என்று சுற்றுகளாக நடக்கும். விசா எடுக்க வேண்டியவர்கள் ஜனவரி சுற்றைத் தாண்டக் கூடாது. உதவித்தொகைக்கும் அதுவே நல்லது.

கல்லூரி என்று வரும்போது தரவரிசையைவிட ஊரைப் பாருங்கள். ஸ்டூடியோக்கள், ஏஜென்சிகள், ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் உள்ளடக்கப் பிரிவுகள் லாஸ் ஏஞ்சலஸில். டிவி நெட்வொர்க்குகளின் தலைமையகங்கள், விளம்பர விற்பனை, இசை, விளையாட்டு லீக்குகள் நியூயார்க்கில். யு.சி.எல்.ஏ.யின் பிசினஸ் ஸ்கூலான ஆண்டர்சனில் ஊடகம், பொழுதுபோக்கு, விளையாட்டுக்கென்று ஒரு மையமே உண்டு. யு.எஸ்.சி.யின் பிசினஸ் ஸ்கூலான மார்ஷலுக்குப் பக்கத்திலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் சினிமாப் பள்ளி. ஸ்டெர்னில் பொழுதுபோக்கு, ஊடகம், தொழில்நுட்பம் என்ற பாடப்பிரிவு இருக்கிறது. இந்த ஊர்களில் படிப்பதன் முழுப் பலன் இரண்டாம் ஆண்டில் தெரியும். வகுப்பு நடக்கும்போதே வாரத்துக்கு 15, 20 மணி நேரம் ஒரு நிறுவனத்தில் இன்டர்னாக இருக்கலாம். வேறு ஊரில் இருப்பவருக்கு இது கிடைக்காது. கோடைக்கால இன்டர்ன்ஷிப் சரியாக அமையாதவர்களை மறுபடி தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வாய்ப்புதான்.

ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு அறிக்கை வெளியிடும். அதில் "மீடியா, பொழுதுபோக்கு" என்ற வரியில் இருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அமேசான், ஆப்பிள் போன்றவற்றின் படப் பிரிவுக்குப் போனவர்கள் தொழில்நுட்ப வரியில் இருக்கலாம். மீடியா வரியில் இருப்பவர்களில் சிலர் விளம்பர நிறுவனங்களுக்குப் போனவர்களாக இருக்கலாம். சதவீதத்தை மாணவர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். 360 பேரில் 5 சதவீதம் என்றால் 18 பேர். அந்த 18 பேரில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண். அது அறிக்கையில் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இனி, இந்தப் பாதையில் எல்லோரையும் படுத்தும் விஷயம்: காலக்கெடு. ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் முதல் ஆண்டு தொடக்கத்திலேயே கல்லூரிக்கு வந்து, ஜனவரி, பிப்ரவரிக்குள் கோடைக்கால ஆட்களை எடுத்து முடித்துவிடும். பொழுதுபோக்கு நிறுவனங்கள் இடம் காலியானால்தான் ஆள் தேடும். சில பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவிக்கும், மற்றவை மார்ச், ஏப்ரல், மே என்று இழுக்கும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஆஃபரோடு நிம்மதியாக இருக்கும்போது நீங்கள் மட்டும் வெறுங்கையோடு இருப்பீர்கள். அந்த மாதங்களில் பயந்துபோய் பிடிக்காத துறையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுத் திட்டத்தையும் கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். இது இந்தத் துறையின் இயல்பு, உங்கள் குறையில்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். படிப்பு முடிந்து முழுநேர வேலை தேடும்போதும் இதே கதைதான். பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு ஆஃபர் வருவது இங்கே சாதாரணம்.

உள்நாட்டு மாணவருக்கு இது மன உளைச்சல் மட்டும். உங்களுக்கு இது விசா கணக்கு, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கும்போது செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. என்ற பயிற்சி அனுமதி வேண்டும். ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகுதான் பொதுவாக அது கிடைக்கும். ஆகவே முதல் ஆண்டு நடுவில் வெளியே இன்டர்ன்ஷிப் என்று திட்டம் போடாதீர்கள். முதல் கோடையில் முழுநேரம், இரண்டாம் ஆண்டில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, இதுதான் உங்கள் பாதை. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்தானே என்று அனுமதியில்லாமல் போகாதீர்கள். அனுமதி, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் உங்கள் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தில் பதிந்து தருவது. அதில் போட்டிருக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட வேலையைத் தொடங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆஃபர் கொடுத்து, திங்கட்கிழமை வா என்பது இந்தத் துறையின் பழக்கம். அதனால் சி.பி.டி.க்கு எந்தப் பாடத்தில் பதிவு செய்ய வேண்டும், என்ன கடிதம் வேண்டும் என்பதை மார்ச் மாதமே கேட்டுத் தயாராக வைத்திருங்கள். இன்னொன்று: யு.சி.எல்.ஏ. காலாண்டு முறையில் நடப்பதால் கல்வியாண்டு ஜூன் நடுவில்தான் முடியும். ஜூன் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் இன்டர்ன்ஷிப் என்றால் முதல் பேச்சிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற 12 மாத வேலை அனுமதி. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். தொடங்கும் தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் படிப்பு முடிந்த 60 நாளுக்குள் இருக்க வேண்டும். ஓ.பி.டி. தொடங்கியபின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. கையில் ஆஃபர் இல்லாதவர் தொடக்கத் தேதியைக் கடைசி வரை தள்ளிப் போட்டால், பட்டம் வாங்கிய நாளிலிருந்து தேடுவதற்கு ஏறக்குறைய 150 நாள் கிடைக்கும். தெரியாமல் முதல் நாளையே போட்டுவிட்டால் 90தான். தாமதமாக ஆள் எடுக்கும் துறையில் இந்த 60 நாள் வித்தியாசம் தொழிலையே தீர்மானிக்கும். ஓ.பி.டி.யின் முதல் 12 மாதத்தில், தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்டு, வாரம் குறைந்தது 20 மணி நேரம் துறை சார்ந்த ஊதியமில்லா வேலை செய்தாலும் அது வேலையாகவே கணக்கிடப்படும். நெருக்கடியில் இது கைகொடுக்கும்.

அடுத்தது, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு, ஓ.பி.டி.க்கு மேல் கூடுதலாக 24 மாதம். இது எல்லா எம்.பி.ஏ.வுக்கும் கிடையாது. உங்கள் ஐ-20-ல் படிப்புக்குப் பக்கத்தில் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். 52.1301 என்றால் மேலாண்மை அறிவியல், அது ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. சில கல்லூரிகளில் முழு எம்.பி.ஏ.வும் ஸ்டெம், சிலவற்றில் குறிப்பிட்ட பிரிவை எடுத்தால்தான். சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த 24 மாதத்துக்கு நிறுவனம், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் பதிவு செய்திருக்க வேண்டும், பயிற்சித் திட்டம் எழுதி ஐ-983 படிவத்தில் கையெழுத்திட வேண்டும், சம்பளமும் தர வேண்டும். பெரிய நிறுவனங்களில் இது வழக்கமான நடைமுறை. பத்துப் பேர் வேலை செய்யும் தயாரிப்பு நிறுவனங்களில் பலரும் இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். மனசுக்குப் பிடித்த சின்ன கம்பெனியில் சேர்ந்து, 12-ம் மாதம் வெளியேற வேண்டிவந்தவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப்பின்னும் அங்கே வேலை செய்ய எச்-1பி என்ற வேலை விசா வேண்டும், அதற்கு ஆண்டு வரம்பு 85,000. பதிவு மார்ச்சில், வேலை தொடங்குவது அக்டோபரில். ஸ்டெம் இருந்தால் பட்டத்துக்குப்பின் பதிவு செய்து பார்க்க மூன்று மார்ச் மாதங்கள் கிடைக்கும், இல்லையென்றால் ஒன்று. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று குடிவரவுத் துறை பின்னர் விளக்கியது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் மறுபடி சரிபாருங்கள், பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள்.

வேலை கிடைப்பது பெரும்பாலும் ஆள் மூலமாகத்தான் என்பதால் ஆட்களைச் சந்திக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முன்னாள் மாணவர்களுக்கு எழுதும் மின்னஞ்சல் ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. இப்படி இருக்கலாம்: "நான் முதலாண்டு மாணவன். இதற்கு முன் சில்லறை விற்பனைக்குத் தேவைக் கணிப்பு செய்தேன். உங்கள் குழு ஒரு தொடரின் மதிப்பைக் கணிக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் சந்தாதாரர் நிற்பதையும் புதியவர் வருவதையும் எப்படிப் பிரிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த இரண்டு வாரத்தில் 20 நிமிடம் போனில் பேச முடியுமா?" இதில் வேலை கேட்கவில்லை, கேள்வி குறிப்பானது, நேரம் சின்னது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். பேச்சு முடியும்போது, இன்னும் யாரிடம் பேசலாம் என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலோர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். நேரம் ஒதுக்கித் தரும் உதவியாளரின் பெயரை நினைவில் வைத்து மரியாதையோடு பேசுங்கள். இந்த ஊரில் இன்றைய உதவியாளர் நாலு ஆண்டில் மேலதிகாரி.

நேர்காணலில் ரசிகராகப் பேசுவது பெரிய தவறு. "எந்தப் படம் பிடித்தது?" என்று அவர்கள் கேட்டாலும், தெரிந்துகொள்ள விரும்புவது அது யாருக்காக எடுக்கப்பட்டது, அந்த ஆட்களை எப்படி வரவழைத்தார்கள், பணம் எந்தக் கட்டத்தில் திரும்பியது என்பதைத்தான்.

பணத்துக்கு வருகிறேன். கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு 2 லட்சம் டாலரைத் தாண்டும். அதில் 1.5 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுக்குக் கடனாக எடுத்தால், மாதத் தவணை சுமார் 1,980 டாலர். எம்.பி.ஏ. முடித்து ஆலோசனை நிறுவனத்துக்குப் போகிறவரோடு ஒப்பிட்டால் ஸ்டூடியோவின் உத்தி அல்லது நிதிப் பிரிவில் தொடக்கச் சம்பளம் நன்றாகவே குறைவு, சேர்க்கைப் போனஸும் பெரும்பாலும் சிறியது அல்லது இல்லை. சில இடங்கள் முதலில் ஒப்பந்த வேலையாகத்தான் தருவார்கள். கடன் 80,000 டாலருக்குள் இருந்தால் எனக்குப் பயமில்லை. 1.5 லட்சத்தைத் தொட்டால், உதவித்தொகை கூடுதலாகத் தரும் கல்லூரியை, தரவரிசையில் சற்றுக் கீழே இருந்தாலும், லாஸ் ஏஞ்சலஸிலோ நியூயார்க்கிலோ இருக்கிறதென்றால் தேர்ந்தெடுப்பேன்.

துறையின் நிலையையும் மறைக்க மாட்டேன். 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு டிஸ்னி 7,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. 2019-ல் ஃபாக்ஸின் பெரும்பகுதி டிஸ்னிக்குள் போனது, 2025-ல் பாரமவுண்ட் ஸ்கைடான்ஸோடு இணைந்தது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது, ஒரே வேலையைச் செய்யும் நிதி, உத்தி, விநியோக மேஜைகள் இரண்டிரண்டாக நிற்கும். வெட்டு அங்கேதான் முதலில் விழும். நீங்கள் போக ஆசைப்படும் மேஜைகள் இவையே. எனவே நேரே உள்ளே போக முடியாவிட்டால் இரண்டு தாவலாகப் போகும் வழியை முன்பே வரைந்து வையுங்கள். பட்டம் முடித்ததும் தொழில்நுட்ப நிறுவனத்தின் வீடியோ அல்லது விளம்பரப் பிரிவு, அல்லது ஆலோசனை நிறுவனத்தின் ஊடகக் குழு. இரண்டு மூன்று ஆண்டு கழித்து அங்கிருந்து ஸ்டூடியோ. விசா ஆதரவும் சம்பளமும் அங்கே உறுதியாக இருப்பதால் வெளிநாட்டு மாணவருக்கு இதுவே பல நேரம் நல்ல வழி. உத்திப் பிரிவுகளும் ஆலோசனை அனுபவம் உள்ளவரை விரும்பி எடுக்கின்றன.

இன்னொரு யோசனையும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு ஸ்ட்ரீமிங், இசை அல்லது கேம் நிறுவனத்தில் அனலிஸ்ட் வேலை கிடைக்கிறதா என்று அடுத்த எட்டு மாதம் தேடுங்கள். கிடைத்தால் துறை மாற்றம் கடன் இல்லாமலேயே பாதி முடிந்துவிடும். ஓர் ஆண்டு கழித்து விண்ணப்பித்தால் உங்கள் கட்டுரையும் வேறு தரத்தில் இருக்கும். 30 வயதில் சேர்வது தாமதமே இல்லை.

இடம் கிடைத்து, முன்பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் பொழுதுபோக்குத் துறையில் முழுநேர வேலைக்குப் போனார்கள், எந்த நிறுவனங்களுக்கு? என் ஐ-20-ல் எந்தக் குறியீடு வரும்? அப்படிப் போனவர்களில் இருவரோடு பேச ஏற்பாடு செய்ய முடியுமா? மூன்றாவதற்குப் பெயர்கள் வராவிட்டால், மற்ற இரண்டுக்கும் வந்த பதிலை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.